கடல் வக்கீலுக்கு நான் ஜூனியர்

போன செவ்வாய்க்கிழமை காரைக்குடியிலிருந்து மானகிரிக்கு பஸ்ஸில் போனேன். கையில் ஒரு பலாப்பழம். ஏறும்போதே கண்டக்டர் மறித்துவிட்டார்.

"பழத்த மேல போடுங்க."

"எதுக்கு?"

"சாமானெல்லாம் மேலதான். ரூல்."

"பலாப்பழம் சாமானா, சாப்பாடா? இந்தா, அந்த அம்மா மடியில கட்டுச்சோறு இருக்கு. அதையும் மேல போடச் சொல்வீகளா?"

அவர் கட்டுச்சோற்றைப் பார்த்தார். அந்த அம்மாள் மூட்டையை இறுக்கிக்கொண்டார். பழுக்காத பழம் சாமான், பழுத்த பழம் சாப்பாடு என்று ஒரு சமாதானம் சொன்னார் கண்டக்டர். பழுத்திருக்கிறதா இல்லையா என்பதை யார் தீர்மானிப்பது என்று கேட்டேன். அதற்கு அவர் வாயைத் திறப்பதற்குள் மானகிரி வந்துவிட்டது. பழமும் நானும் சேர்ந்தே இறங்கினோம்.

கூடவே இறங்கிய ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டார். ரங்கூன் துறைமுக ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம்.

"தப்பா நினைக்கப்படாது. கப்பல்ல ஒங்கள மாதிரி ஆளுக்கு ஒரு பேரு வச்சிருக்காக வெள்ளக்காரவுக. கடல் வக்கீல். ஒரு வேலை சொன்னா செய்ய மாட்டான், அது யாரு வேலைன்னு கேப்பான். என்ன சட்டம்னு கேப்பான். மேல உள்ளவன் பல்லக் கடிப்பான். பாராட்டு இல்ல... ஏச்சுதான்."

நான் பலாப்பழத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த மனுஷரைக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு இழுத்துப்போய் காப்பி கொடுத்தேன். அவர் பயந்துபோய், காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். ஏசினால் உபசரிக்கிற வீடு எப்படிப்பட்ட வீடோ என்ற கவலை அவருக்கு.

அவருக்கு என்ன தெரியும்? அது எனக்கு ஏச்சு இல்லை. பட்டம். அந்தப் பட்டத்தை முதன்முதலில் ஒருவர் வாங்கியபோது பக்கத்திலேயே நின்றவன் நான். நின்றவன் என்று கௌரவமாகச் சொல்கிறேன். உண்மையில், இடுப்பில் ஒரு துண்டோடு தார்ப்பாய்க்கு அடியில் குத்த வைத்து நடுங்கிக்கொண்டிருந்தேன்.

சில வருஷங்களுக்கு முன்பு. பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் என் அக்கா மீனாட்சியின் மகள் வள்ளிக்குக் காதுகுத்து. குன்றக்குடியில். நான் தாய்மாமன். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

அக்காவின் மாமனார் கொஞ்சம் கறாரான மனிதர். ஏற்கெனவே அவர் சொல்லியிருந்தாராம்: "சீமைக்குப் போனவன் சீரு கொண்டுக்கிட்டு வருவானாக்கும். வந்தாப் பாப்போம்." அந்த 'வந்தாப் பாப்போம்' அக்காவின் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டு இருந்தது. என் தம்பி வருவான் என்று அந்த வீட்டில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். நான் போகாவிட்டால் அந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. காது எப்படியும் குத்திவிடுவார்கள். அக்காதான் அந்த வீட்டில் ஆயுசுக்கும் தலை குனிந்து நடக்க வேண்டும்.

ஆகவே கப்பல் ஏறினேன். டெக் டிக்கெட். மேலே வானம், கீழே பலகை, நடுவில் பாயை விரித்துக்கொண்டு நாம். ஒரு டிரங்குப் பெட்டி. அதற்குள் குழந்தைக்குத் தங்கத் தோடு, பட்டுப்பாவாடை, வெள்ளிக் கொலுசு, அக்காவுக்குச் சேலை.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து ஆட்களின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அக்கரையிலிருந்து திரும்பும்போது புதுத்துணிக்குச் சுங்கம் கேட்பார்கள். உடுத்தியிருக்கிற துணிக்குக் கேட்க மாட்டார்கள். அதனால் கரை கண்ணில் பட்டதும், கொண்டுவந்த துணியில் முடிந்த மட்டும் மேலே போட்டுக்கொள்வார்கள். ஒல்லியாக ஏறின ஆள் குண்டாக இறங்குவார்.

எல்லாரும் கரை தெரிந்த பிறகு போட்டுக்கொள்வார்கள். நான் புத்திசாலி. கடைசி நேரத்தில் போட்டால் துணி மடிப்புக் கலையாமல் இருக்குமே, சுங்கக்காரர் கண்டுபிடித்துவிடுவாரே... என்று யோசித்தேன். கப்பல் கிளம்பின மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். மூன்று சட்டை. அதன் மேல் ஒரு ஃபிளானல். அதன் மேல், மச்சானுக்கு என்று வாங்கின கறுப்பு வெல்வெட் கோட். வெயில் எப்படி என்று கேட்கிறீர்களா? டெக் பலகையில் அப்பளம் சுடலாம்.

அப்போதுதான் சீனி முகம்மதுவைப் பார்த்தேன். கப்பலில் கலாசி, கயிறு இழுக்கிற வேலை. தொண்டிக்காரர். ஐம்பதை ஒட்டிய வயது, கட்டை குட்டையான உடம்பு, வெற்றிலை போட்ட வாய். என்னைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார்.

"ஓய், குளிரா?"

"இல்ல... சும்மா."

"எந்த ஊரு?"

"மானகிரி."

"அட, நம்ம பக்கம். எங்க சின்னவாப்பா மானகிரியிலதான் உப்புக்கடை வச்சிருந்தாரு. அப்ப நீரு மாப்ள முறை. மாமான்னு கூப்பிடும்."

எங்கள் பக்கத்தில் இது சகஜம். துலுக்கமார் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் மாமன் மச்சான் முறைதான். கூப்பிட்டேன். அன்றைக்கே தெரிந்துவிட்டது, மாமாவுக்கு வாதம்தான் சாப்பாடு. சோறு இரண்டாம் பட்சம்.

கலாசிகளுக்குத் தலைவராக ஒருவர் உண்டு. சராங்கு என்பார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் கலாசிகளிடம் நேரே பேசுவதில்லை. சராங்கிடம் சொல்வார்கள், சராங்கு கலாசிகளிடம் சொல்வார். எங்கள் கப்பல் சராங்கு நாகூர்க்காரர். சாதுவான மனிதர். சீனி மாமாவால்தான் அவருக்குத் தலைமுடி கொட்டிவிட்டது என்று மற்ற கலாசிகள் சொல்லிக்கொண்டார்கள்.

"அந்தக் கயித்தச் சுத்தி வைப்பா" என்பார் சராங்கு.

"அவுத்தவன்ல சுத்தணும்? அவுத்தது யாரு?"

"காத்து அவுத்துச்சு. சுத்துப்பா."

"காத்துக்குச் சம்பளம் கெடையாது, நான் சுத்துறேன். அதை நீங்க மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல."

சுற்றுவார். வேலையில் குறை வைக்க மாட்டார். கேட்டுவிட்டுச் செய்வார். அவ்வளவுதான்.

கரை சேர ஒன்றிரண்டு நாள் இருக்கும்போது எனக்கு முகமெல்லாம் அரிக்க ஆரம்பித்தது. கழுத்து, நெற்றி, மார்பு... சிவப்பு சிவப்பாகப் பொரி மாதிரி. உடம்பும் கொதித்தது. பக்கத்துப் பாயில் ஒரு பட்டுக்கோட்டை அம்மாள். என் முகத்தைப் பார்த்தார். மெதுவாக எழுந்தார். தன் பாயைச் சுருட்டினார். பிறகு எட்ட நின்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஆத்தா... வந்திருக்கியா தாயே."

என் பின்னால் யாராவது சாமியார் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. கும்பிட்டது என்னைத்தான். அம்மை போட்டவன் மேல் மாரியாத்தா இருக்கிறாள் அல்லவா? ஐந்து நிமிஷத்தில் டெக்கில் பாதிப் பேர் என்னைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் விட்டு நின்று கும்பிட்டார்கள். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. அனுபவிக்க முடியவில்லை.

கும்பிட்டவர்களே கொஞ்ச நேரத்தில் ஏசவும் தொடங்கினார்கள். கப்பலில் அம்மை என்றால் மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். யாரையும் கரையில் விட மாட்டார்கள். காவல் வைத்து, எத்தனை நாள் ஆனாலும் அங்கேயே கிடக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகிறவர், கருமாதிக்குப் போகிறவர், கேஸுக்குப் போகிறவர் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

எனக்கோ காதுகுத்து.

அப்போது நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். வேண்டிக்கொண்டேன். குன்றக்குடி முருகனுக்கு மொட்டை. பழனிக்கு மொட்டை. திருச்செந்தூருக்கு மொட்டை. நாகூர் தர்காவுக்கும் ஒரு மொட்டை. எல்லாம் ஒரே மாதத்துக்குள். இருந்தது ஒரு தலை. எந்த சாமிக்கும் இந்தக் கணக்கு இடித்திருக்கும்.

கப்பல் டாக்டர் வந்தார். கொஞ்சம் தள்ளி நின்றே பார்த்தார். அம்மையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நாளைக் காலையில் சொல்கிறேன் என்றார். அதுவரை இவனைத் தனியாக வை. உடம்பில் உள்ளதைக் கழற்று. துணி, படுக்கை, பெட்டி எல்லாவற்றையும் கடலில் போடு.

பெட்டியையுமா?

பெட்டிக்குள் தங்கத் தோடு. பெட்டிக்குள் பட்டுப்பாவாடை. பெட்டிக்குள்தான் அக்காவின் மானம் பூராவும். வாயைத் திறந்து, "ஐயா, உள்ளே சீர் இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னேனா? "பெ... பெ..." என்றேன். டாக்டர் அதையும் நோயின் அறிகுறி என்று நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

மூன்று சட்டை, ஃபிளானல், வெல்வெட் கோட் எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிட்டு, ஒரு துண்டோடு தார்ப்பாய் நிழலுக்குப் போனேன். உதவி அதிகாரியாக இருந்த இளம் துரை சராங்கிடம் சொன்னார். சராங்கு, கண்ணில் பட்ட முதல் ஆளிடம் சொன்னார்.

கண்ணில் பட்டவர் சீனி மாமா. அதுதான் என் அதிர்ஷ்டம்.

"சீனி, அந்தப் பொட்டியையும் துணியையும் தூக்கிக் கடல்ல போட்டுடு."

"போட்டுர்றேன். இது யாரு வேலை?"

சராங்கு கண்ணை மூடித் திறந்தார். "உன் வேலைதான்."

"நான் கலாசி. கயிறு, நங்கூரம், பெயிண்டு... சொல்லுங்க, செய்யிறேன். கப்பல்ல இருந்து குப்பைய எடுத்துக் கொட்டுறது டோபாஸ் வேலை. அவன் வேலைய நான் செஞ்சா, நாளைக்கு அவன் தட்டுல நான் கைய வச்சதா ஆயிரும்."

டோபாஸைக் கூப்பிட்டார்கள். டெக்கைக் கூட்டிக் கழுவுகிற மனுஷர். வந்தார், பெட்டியைப் பார்த்தார். எங்கே தொற்றிக்கொள்ளுமோ என்று அவருக்கும் பயம். வாதம் கையில் கிடைத்ததும் பிடித்துக்கொண்டார்.

"குப்பைன்னா கொட்டுவேன். இது பூட்டுன பொட்டி. பூட்டு தொங்குனா அது சாமான். சாமான் நம்ம டூட்டியில்ல."

"பாத்தீகளா? அவன் சொல்றது நியாயந்தானே" என்றார் சீனி மாமா. தனக்கு எதிர்க்கட்சிக்காரன் நியாயம் பேசினாலும் அவருக்குச் சந்தோஷம்தான்.

சாமான் என்றால் சாமான் கிளார்க். அவர் வந்தார். "நான் ஏறும்போதும் எறங்கும்போதும் எண்ணுறதோட சரி. நடுக்கடல்ல எனக்கு ஜோலி கிடையாது."

சராங்கு, "அப்ப யாருதான்யா தூக்குறது?" என்றார். அழுகிற குரல்.

"இது நோய்ச் சாமான்" என்றார் சீனி மாமா, யோசித்தபடி. "நோய்ச் சாமான்னா டாக்டர் துரை ஆளு தொடணும். அதுதானே மொறை?"

கம்பவுண்டரைக் கூப்பிட்டார்கள். "நான் மருந்து கலக்குறவன். பொட்டி தூக்குறவனா?" என்று கேட்டுவிட்டு அவர் திரும்பிப் போய்விட்டார்.

என் பெட்டியைச் சுற்றி ஒரு பஞ்சாயத்தே கூடிவிட்டது. பெட்டி அங்கேயே இருந்தது. தார்ப்பாய்க்கு அடியில் நான் விரலால் காதைப் பொத்திக்கொள்வதும் திறப்பதுமாக இருந்தேன். கேட்கவும் பயம், கேட்காமலிருக்கவும் பயம்.

சத்தம் கேட்டு இளம் துரையே இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டார். முகம் சிவந்தது. சீனி மாமாவை நோக்கி விரலை நீட்டி இங்கிலீஷில் ஏதோ கத்தினார்.

சீனி மாமா சராங்கைப் பார்த்தார். சராங்குக்கு அந்தச் சொல் தெரியவில்லை. கிளார்க்கும் நழுவிவிட்டார். அங்கே இங்கிலீஷ் தெரிந்தவன், தார்ப்பாய்க்கு அடியில் இருந்த குற்றவாளி ஒருவன்தான்.

"மாப்ள, துரை என்ன சொல்றாரு?"

"மாமா... ஒங்களக் கடல் வக்கீல்ங்குறாரு."

"ஏசுறாரா, புகழுறாரா?"

"ஏசுறாருதான் மாமா. விட்டுருங்க மாமா."

சீனி மாமா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"தரையில வக்கீலு வந்தா எந்திரிச்சு நிக்கிறாக. கடல்ல மட்டும் அது ஏச்சா? கேளும் மாப்ள, துரைட்ட கேளும்."

நான் கேட்பேனா? எனக்குப் பைத்தியமா? "அவர் மன்னிப்புக் கேட்கிறார்" என்று துரைக்கு மொழிபெயர்த்துவிட்டேன். ஆனால் மன்னிப்புக் கேட்கிற ஆள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்க மாட்டான் என்பது துரைக்கும் தெரியும்தானே? பெரிய காப்டனிடம் போய்ச் சொல்கிறேன் என்று படியேறிப் போனார். பெரிய காப்டன் தூங்கிக்கொண்டிருந்தார். விழித்தபோது அவருக்கு வேறு வேலை இருந்தது. யார் தூக்குவது என்பதைக் காலையில் டாக்டர் பார்த்த பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாராம்.

பெட்டி தப்பியது. அன்று முழுவதும் சட்டை இல்லாமல் கடற்காற்றில் கிடந்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் பொரியெல்லாம் வாடி, உடம்பு குளிர்ந்துவிட்டது. டாக்டர் இந்தத் தடவை கிட்ட வந்தே பார்த்தார். வேர்க்குரு என்றார். வெல்வெட் கோட்டைத் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டாக்டருக்குத் தொழில் மரியாதை இருக்கிறதே, அதனால் சிரிக்கவில்லை. மற்ற எல்லாரும் சிரித்தார்கள். கும்பிட்ட பட்டுக்கோட்டை அம்மாள்தான் ரொம்ப நேரம் சிரித்தார்.

நாகப்பட்டினத்தில் கரை டாக்டர் ஏறி, யாரோ கோள் சொல்லி, என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கப்பலை மத்தியானம் வரை நிறுத்திவிட்டார்கள். நான் பிடிக்க வேண்டிய ரயில் போய்விட்டது. அடுத்த ரயிலில் ஏறி உட்கார்ந்தால், எதிர்ப் பலகையில் சீனி மாமா. மடியில் ஒரு துணிமூட்டை.

"என்ன மாமா, லீவா?"

"கணக்கு முடிச்சு எறக்கி விட்டுட்டாக."

"என்னால ஒங்க வேலை போச்சே மாமா."

"ஒம்மாலயா? ஒமக்காகவா வாதாடினேன்? அது என் வேலை இல்ல, அதுக்காக வாதாடினேன். இன்னைய வரைக்கும் என்னைய எந்தக் கப்பலும் ரெண்டாந்தரம் ஏத்துனதில்ல. கப்பலுக்குப் பஞ்சமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் மனதை அறுத்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"மாமா, நெசமாவே அம்மையா இருந்திருந்தா?"

அவர் ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"அதுக்குத்தான் ஒம்மத் தார்ப்பாய்க்கு அடியில போடுறப்ப நான் ஒண்ணுமே பேசலையே, கவனிச்சீரா? ஆளத் தள்ளி வைக்கிறது நியாயம். பொட்டியக் கடல்ல போடுறதுதான் யாரு வேலைன்னு தெரியல."

காதுகுத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். தொண்டி போகிற வழிதானே, வந்தார்.

காரைக்குடியில் இறங்கி, வண்டி பிடித்து, குன்றக்குடி அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. மண்டபத்தில் கூட்டம். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நுழைந்தேன்.

நுழைந்த இடத்திலேயே நின்றுவிட்டேன்.

குழந்தைக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தது. என் பெரியப்பா மகன் கருப்பையா பட்டுத்துண்டோடு மணையில் உட்கார்ந்திருந்தான். அவன் மடியில் வள்ளி. இடது காதில் ரத்தப்பொட்டோடு ஒரு கம்பி. ஆசாரி அடுத்த கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா ஒரு தூண் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்காவின் மாமனார் என்னைப் பார்த்தார். "வாய்யா. கப்பலு இப்பத்தான் வந்துச்சாக்கும். நல்ல நேரம் முடியப்போகுது, யாரும் காத்துக்கிட்டு இருக்கல. அங்குட்டுப் போயி உக்காரு. சாப்பாடு போடுவாக."

அந்தச் 'சாப்பாடு போடுவாக' இருக்கிறதே... விருந்தாளிக்குச் சொல்கிற வார்த்தை. அக்கா அப்போதும் தலை நிமிரவில்லை.

எனக்கு வழக்கம்போலப் பயம். ஆனால் ஒரு தைரியம். கூடத்தான் வக்கீல் இருக்கிறாரே. திரும்பிச் சீனி மாமாவைப் பார்த்தேன். ஆரம்பியுங்கள் என்று கண்ணைக் காட்டினேன்.

அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"மாமா... சொல்லுங்க மாமா."

"இது என் கப்பல் இல்ல மாப்ள. மடியும் என்னுது இல்ல. யாரு வேலையோ அவுக பேசணும்."

படுபாவி மனுஷன். ஆசாரி கம்பியைத் துடைத்து முடித்துவிட்டார்.

பெட்டியைக் கீழே வைத்தேன். அக்காவின் மாமனார் பக்கம் திரும்பினேன். முதல் வார்த்தை காற்றாகத்தான் வந்தது. இரண்டாவதுதான் சத்தமாக வந்தது.

"மாமா, நான் சண்டைக்கு வரல. ஒரே ஒரு கேள்வி."

"என்ன?"

"ஒங்ககிட்ட இல்ல. கருப்பையாகிட்ட." அவன் பக்கம் திரும்பினேன். "தம்பி, நீ மடி கொடுத்தது ரொம்பப் பெருமை. இந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் வேலை இன்னையிலேருந்து ஒன்னுதுதானே?"

"ஆமாண்ணே" என்றான், கூட்டத்தைப் பார்த்துப் பெருமையாக.

"சரி. அப்ப பிள்ளை பெரிய மனுஷியானா குச்சு கட்டுறது நீ. தண்ணி ஊத்துறப்ப சேலை, நகை நீ. கல்யாணத்துக்கு மாலை, பட்டு, சீர்வரிசைத் தட்டு நீ. வளைகாப்புக்கு நீ. இவளுக்குப் பெறகு பொறக்குற அத்தனை பிள்ளைக்கும், ஆணோ பொண்ணோ, மொட்டைக்கும் காதுக்கும் நீ. மடி மட்டும் ஒன்னுது, மிச்சமெல்லாம் என்னுதுன்னு பிரிக்க முடியாதுல்ல? இத்தனை பேரு சாட்சி. சம்மதந்தானே?"

கருப்பையா முதலில் என்னைப் பார்த்தான். பிறகு தன் பொண்டாட்டியைப் பார்த்தான். அந்தப் பெண் கூட்டத்தின் நடுவிலிருந்து, இல்லை என்று தலையை ஆட்டியது மண்டபம் பூராவும் தெரிந்தது.

"அண்ணே... எனக்குக் காலு மரத்துப்போச்சு. நீங்களே உக்காருங்கண்ணே" என்று பிள்ளையோடு எழுந்துவிட்டான்.

மண்டபம் சிரித்தது. மாமனார் சிரிக்கவில்லை. "நேரம் போச்சேய்யா" என்றார்.

"ஒரு காது நீங்க பாத்த நேரத்துல குத்தியாச்சு மாமா. அதுல கொறையே இல்ல. மிச்சம் ஒரு காது இருக்கு. பெத்தவ கூடப் பொறந்தவன் எம்புட்டு நேரங்கழிச்சு வந்தாலும் அதுக்கு ஆளு அவன்தானே? வேற யாரு வேலைன்னு நீங்களே சொல்லுங்க, ஒதுங்கிக்கிறேன்."

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். ஆசாரி கம்பியைப் பிடித்தபடி காத்திருந்தார். கடைசியில் பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, மணையை ஒரு தட்டுத் தட்டிவிட்டார்.

"உக்காருய்யா."

உட்கார்ந்தேன். பெட்டி திறந்தது. தட்டில் தோடு, பாவாடை, கொலுசு. மடியில் வள்ளி. சந்தன மொட்டை என் புதுச் சட்டையெல்லாம் ஒட்டிக்கொண்டது. வலது காதில் கம்பி இறங்கியதும் அவள் போட்ட சத்தம் மலை மேல் முருகனுக்குக் கேட்டிருக்கும். என் கையையும் ஒரு கடி கடித்தாள். அந்தக் கடியை நான் விருது மாதிரி ரொம்ப நாள் எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தேன்.

அக்கா தூணை விட்டு வந்தாள். மாமனாருக்குக் கேட்கிற மாதிரி, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொன்னாள்.

"இவன்தான் என் தம்பி. பொறந்ததுலருந்தே வாய் ஜாஸ்தி."

பொய். பிறந்ததிலிருந்தே எனக்குப் பயம்தான் ஜாஸ்தி. வாய் வந்தது கப்பலில். ஆனால் அக்கா தலை நிமிர்ந்து சொன்ன பொய்யை மறுத்துப் பேச எனக்கு என்ன வந்தது?

பந்தியில் சீனி மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பாயசம் வரைக்கும் இலையிலேயே கவனமாக இருந்தார்.

"எப்பிடி மாமா?" என்று நானே கேட்டேன்.

"பரவால்ல. ஆனா ரொம்பச் சீக்கிரமா ஜெயிச்சுட்டீரு மாப்ள. இன்னொரு மணி நேரம் இழுத்திருக்கலாம்."

மறுவாரமே அவர் வேறொரு கப்பலில் ஏறிவிட்டதாகத் தொண்டியிலிருந்து வந்த ஆள் சொன்னார். அந்தக் கப்பல் சராங்கின் தலையில் இப்போது எத்தனை முடி இருக்கிறதோ. எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர், ஏதோ ஒரு கடலில் நின்று, "இது யாரு வேலை?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தால், எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. உத்தரவு போடுகிறவனை ஒரு நிமிஷம் நின்று யோசிக்க வைப்பதற்கும் யாராவது ஒருவர் வேண்டாமா? அதற்குப் பெயர் ஏச்சு என்றால், இருந்துவிட்டுப் போகட்டும்.

வள்ளி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இரண்டு தோடும் ஒரே மட்டத்தில் இல்லை, வலது பக்கம் ஒரு நூல் உயரம் என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் குறை சொல்கிறார்கள். இடது காது நல்ல நேரத்தில் குத்தியது, வலது காது நியாயத்தில் குத்தியது... எப்படி ஒரே மட்டத்தில் இருக்கும்?

நான் எப்போது போனாலும் அவளுக்கு வலது பக்கம்தான் உட்காருகிறேன்.